கப்பல் சுற்றுலா: காகிதங்களும் கரையில் சொந்தமாகச் சுற்றுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் பாஸ்போர்ட், விசா விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது என் தொழில். முன்பெல்லாம் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள்தான் வருவார்கள். இப்போது பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், பிள்ளைகள் டிக்கெட் போட்டுக் கொடுத்த அப்பா அம்மாக்கள், அறுபதாம் கல்யாணம் முடித்த கையோடு கிளம்புகிறவர்கள் என்று சுற்றுலாக் கப்பலுக்கு நிறையப் பேர் வருகிறார்கள். திருவாரூர்க்காரர் கேட்டதையே மறுநாள் சீர்காழிக்காரர் கேட்கிறார். அதனால் கேட்ட கேள்விகளைக் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கொடுத்திருக்கிறேன். நம் பக்கத்து ஆட்கள் அதிகம் போவது இரண்டு தடம்: சென்னையில் ஏறி இலங்கைத் துறைமுகங்கள், அல்லது திருச்சியிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் போய் அங்கே கப்பல் ஏறி மலேசியா, தாய்லாந்து. உதாரணங்கள் பெரும்பாலும் அந்தத் தடங்களிலிருந்தே வரும்.

கப்பல்ல போறதுக்கு பாஸ்போர்ட் எதுக்கு சார், ஆதார் போதாதா?

கப்பல் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. மும்பையிலிருந்து கோவா போன்ற உள்நாட்டுப் பயணத்துக்கு ஆதார், வாக்காளர் அட்டை மாதிரி அரசு அடையாள அட்டை போதும். லட்சத்தீவு உள்நாடுதான் என்றாலும் அங்கே இறங்க நமக்கே அனுமதிச் சீட்டு வேண்டும். டிக்கெட் போடும்போதே அதை யார் வாங்கித் தருவார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

வேறு நாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட்டாலும் பாஸ்போர்ட் கட்டாயம். சென்னையில் ஏறிச் சென்னையிலேயே இறங்கினாலும், நடுவில் திருகோணமலை இருந்தால் அது வெளிநாட்டுப் பயணம்தான்.

நாகப்பட்டினத்துலேர்ந்து காங்கேசன்துறை போற கப்பலும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. அது பயணிகள் போக்குவரத்துக் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் திரும்பவும் ஓட ஆரம்பித்தது. பஸ் மாதிரி உங்களை அந்தக் கரையில் இறக்கிவிட்டுப் போய்விடும். தங்குவது, சாப்பிடுவது, திரும்பி வருவது எல்லாம் உங்கள் ஏற்பாடு. சுற்றுலாக் கப்பலில் அறை, சாப்பாடு எல்லாம் கப்பலிலேயே. பகலில் இறங்கி, சாயங்காலத்துக்குள் ஏறிவிட வேண்டும்.

காகித விஷயத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் குறைவு. நாகைக் கப்பலுக்கும் பாஸ்போர்ட்டும் இலங்கையின் மின்னணுப் பயண அனுமதியும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அந்தச் சேவை நின்றுவிடுவது வழக்கம். அந்த மாதங்களில் அதை நம்பி விடுதி எதையும் பதிவு செய்யாதீர்கள்.

பாஸ்போர்ட்டுல இன்னும் நாலு மாசம் இருக்கு. அஞ்சு நாள் பயணம்தானே, போயிட்டு வந்துடலாம்ல?

முடியாது. குறைந்தது ஆறு மாதம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைக் கப்பல் திரும்பி வரும் நாளிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். அப்போது எந்த நாட்டுக் கணக்குக்கும் பொருந்திவிடும். கப்பல் நிறுவனம் ஏறும் இடத்திலேயே இதைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடும், கட்டிய பணமும் வராது.

புதுப்பிக்கத் தஞ்சாவூர் சேவா கேந்திரத்துக்கோ திருச்சிக்கோ போகலாம். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. டிக்கெட் போடுவதற்கு முன்னால் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். வெற்றுப் பக்கங்கள் இருக்கின்றனவா, ஓரம் கிழிந்திருக்கிறதா, தண்ணீர் பட்டு எழுத்து ஊறியிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பீரோவில் நெல் விற்ற ரசீதுகளோடு கிடந்த பாஸ்போர்ட்டில் கரையான் ஏறியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அப்பா பாஸ்போர்ட்டுல இ.சி.ஆர். போட்டிருக்கு. மலேசியாவுக்கு விடுவாங்களா?

விடுவார்கள். இ.சி.ஆர். என்பது பத்தாவது தேறாதவர்கள் சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும் என்ற ஏற்பாடு. அந்த நாடுகளின் பட்டியலில் மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா எல்லாம் இருக்கின்றன. ஆனால் சுற்றுலாவுக்குப் போகிறவருக்கு அந்த அனுமதி தேவையில்லை.

குடியேற்றக் கவுன்டரில் "எதுக்குப் போறீங்க?" என்று கேட்டால் பெரியவர் பதற்றப்படக் கூடாது. திரும்பி வரும் விமான டிக்கெட், கப்பல் பதிவுத் தாள் இரண்டையும் அவர் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள். எல்லாமே மகனின் போனில் இருந்து, மகன் வேறு வரிசையில் நின்றால் வீண் அலைச்சல். ஐம்பது வயது தாண்டியவர்கள் இ.சி.ஆர். இல்லாத பாஸ்போர்ட்டுக்குத் தகுதியானவர்கள். அடுத்த முறை புதுப்பிக்கும்போது மாற்றிக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒத்தைப் பேருதான், முன்னால இனிஷியல். கப்பல் டிக்கெட்டுல எப்படிப் போடறது?

பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே. ஆதாரில் "ரா. சுந்தரமூர்த்தி" என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். டிக்கெட், விசா, வருகை அட்டை (ஒரு நாட்டுக்குப் போய்ச் சேரும் முன் இணையத்தில் நிரப்பும் படிவம்) மூன்றிலும் பாஸ்போர்ட் பெயர்தான் வர வேண்டும்.

குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு அவர்கள் சொல்கிறபடி நிரப்புங்கள். துபாயில் கப்பல் ஏறுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் உண்டு என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

விசா, கப்பல் ஏறுற ஊருக்கு மட்டும் எடுத்தா போதும்ல?

போதாது. கப்பல் நிற்கும் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனியாகப் பாருங்கள். பதிவுத் தாளில் உள்ள ஊர்களை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "விசா வேண்டுமா, எத்தனை முறை நுழையும் விசா, வருகை அட்டை உண்டா" என்று நிரப்புங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் பணத்தைக் கட்டாதீர்கள்.

நடுக்கட்டத்தில்தான் பலர் தவறவிடுகிறார்கள். சிங்கப்பூரில் ஏறிப் பினாங்கு போய்விட்டுச் சிங்கப்பூருக்கே திரும்பினால், சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். நமக்கு வழக்கமாகப் பலமுறை நுழையும் விசாதான் தருகிறார்கள், இருந்தாலும் வந்த விசாவில் அதைப் படித்து உறுதி செய்யுங்கள். ஐரோப்பாவிலும் இதே கணக்குத்தான். பார்சிலோனாவில் ஏறி, நடுவில் துருக்கியின் ஒரு துறைமுகத்தில் நின்று, மறுபடி கிரேக்கத்துக்கு வந்தால் ஷெங்கன் எல்லையை (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பொது எல்லையை) விட்டு வெளியே போய் உள்ளே வருகிறீர்கள். ஒருமுறை விசா அங்கே உதவாது. துருக்கிக்குத் தனி விசாவும் பார்க்க வேண்டும்.

நாங்க எங்கயும் எறங்கவே போறதில்ல, கப்பல்லயே இருந்துக்கறோம். அதுக்கும் விசாவா?

பல இடங்களில் ஆம். கப்பல் தங்கள் துறைமுகத்தில் கட்டப்பட்டால் உள்ளே இருக்கும் எல்லோருக்கும் விசா இருக்க வேண்டும் என்று சில நாடுகள் சொல்கின்றன. அந்த விதி உள்ள துறைமுகம் ஒன்றே ஒன்று வழியில் இருந்தாலும், விசா இல்லாதவரை நிறுவனம் தொடக்கத்திலேயே ஏற்றாது. முழங்கால் வலி, இறங்க மாட்டேன் என்று அம்மா சொன்னாலும், அவர்களுக்கும் மற்றவர்களுக்கு எடுக்கும் காகிதம் எல்லாம் எடுத்துவிடுங்கள். அங்கே போனதும் மனம் மாறி இறங்கத்தான் ஆசைப்படுவார்கள்.

மலேசியா, தாய்லாந்துக்கு விசா வேண்டாம்னுட்டாங்களே, அப்போ கையை வீசிட்டுப் போகலாமா?

மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் நமக்கு 30 நாள் விசா விலக்கு அளித்தது. தாய்லாந்தும் விலக்கு அளித்தது. இவை அந்தந்த அரசு நினைத்தால் மாற்றக்கூடியவை. டிக்கெட் போடும் வாரத்தில் ஒருமுறையும் கிளம்பும் முந்தைய வாரத்தில் ஒருமுறையும் அந்த நாட்டுத் தூதரகத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் போன வருஷம் போய் வந்த கதை இந்த வருஷத்துக்கு ஆதாரமாகாது.

விசா இல்லை என்றாலும் மின்னணு வருகை அட்டை உண்டு. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுமே வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பச் சொல்கின்றன. மூன்றுமே இலவசம். தேடினால் முதலில் வரும் சில தளங்கள் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும். பணம் கேட்டாலே அது அரசின் பக்கம் இல்லை என்று மூடிவிடுங்கள். கப்பலில் வருகிறவருக்கு எந்தத் துறைமுகத்தில் அட்டை தேவை, எங்கே விலக்கு என்பதை நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

பேரனை நாங்க மட்டும் கூட்டிட்டுப் போறோம், பெத்தவங்க வரல. எதாவது எழுதி வாங்கணுமா?

வாங்க வேண்டும். அப்பா, அம்மா இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி சான்று பெற்ற சம்மதக் கடிதம், பையனின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் பாஸ்போர்ட் நகல்கள். கடிதத்தில் கப்பல் பெயர், தேதிகள், தாத்தா பாட்டியின் பாஸ்போர்ட் எண்கள் இருக்கட்டும். சிறுவர் பாஸ்போர்ட்டின் ஆயுள் ஐந்து வருஷம்தான், அதனால் மேலே சொன்ன ஆறு மாதக் கணக்கில் அதிகம் மாட்டுவது குழந்தைகள்தான்.

கைக்குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பது பெரும்பாலான கப்பல்களின் விதி. பயணத்தின் எந்த நாளிலாவது கர்ப்பம் 24 வாரத்தைத் தொட்டால் ஏற்ற மாட்டார்கள். அதற்குக் குறைவென்றாலும் மருத்துவர் சான்று கேட்பார்கள்.

கப்பல்காரங்க விக்கிற டூரே எடுக்கணுமா, நாமளே சுத்திக்கலாமா?

நாமே சுற்றலாம், பெரும்பாலான துறைமுகங்களில் அதுதான் நல்லது என்பது என் கருத்து. கப்பல் டூரில் நாற்பது பேரோடு பஸ்ஸில் ஏறி, நினைவுப் பொருள் கடையில் முக்கால் மணி நேரம் நின்று, கோயில் வாசலைக் கண்ணாடி வழியே பார்த்து வருவதைவிட, நாலு பேர் சேர்ந்து ஒரு காரை அமர்த்தினால் செலவும் குறையும், மனசுக்குப் பிடித்த இடத்தில் நிற்கவும் முடியும்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மனதில் வையுங்கள். கப்பல் டூர் பஸ் நெரிசலில் மாட்டினால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு உங்களைக் கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. சொந்தமாகப் போனவருக்குக் காத்திருக்காது. ஆகவே தூரம் குறைவான ஊரில் சொந்தமாகப் போங்கள். துறைமுகத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் என்றால் கப்பல் டூரை எடுங்கள். படகில் கரைக்குக் கொண்டுபோகும் இடங்களிலும் யோசியுங்கள். புக்கெட்டில் பல கப்பல்கள் பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு நிற்கும். டூர் எடுத்தவர்களுக்குத்தான் முதல் படகுகள், மற்றவர்கள் சீட்டு வாங்கிக் காத்திருக்க வேண்டும்.

பினாங்குல ஒரு பகல்தான் நிக்கும். என்ன பாக்கறது, எப்படிப் போறது?

சொந்தமாகச் சுற்றுவதற்கு நமக்கு இதைவிட வசதியான துறைமுகம் இல்லை. கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுன் ஊருக்குள்ளேயே இருக்கிறது. வெளியே வந்து கால் மணி நேரம் நடந்தால் குட்டி இந்தியா. குயீன் தெருவில் 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில். பக்கத்துத் தெருவிலேயே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். கடைக்காரர் தமிழில்தான் பேசுவார். பாதை கேட்கக் கூசாதீர்கள்.

சூலியா தெருவில் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது. நம் நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீது பெயரில், இங்கிருந்து வணிகத்துக்குப் போனவர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவிலும் ஒன்று உண்டு, அது அந்நாட்டின் தேசிய நினைவுச்சின்னம். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போன தாத்தா உங்கள் வீட்டில் இருந்திருந்தால், இந்த இரண்டு தெருக்களிலும் ஒரு மணி நேரமாவது நடந்துவிட்டு வாருங்கள்.

தண்ணீர்மலை முருகனைப் பார்க்கக் கார் வேண்டும், ஐந்நூறுக்கு மேல் படி. முட்டி சரியில்லாதவர்கள் அடிவாரத்தோடு நிற்கலாம். மதியச் சாப்பாட்டை ஊருக்குள் வந்து வைத்துக்கொண்டால் கப்பல் பத்து நிமிஷத்தில் எட்டும் தூரத்தில் இருக்கும், நிம்மதியாகச் சாப்பிடலாம்.

கிள்ளான் துறைமுகத்துல எறங்கி பத்துமலை போயிட்டு வர நேரம் இருக்குமா?

இருக்கும், ஆனால் அது ஒன்றுதான். சுற்றுலாக் கப்பல் நிற்பது புலாவ் இண்டா தீவில். அங்கிருந்து ரயில் நிலையம் நடக்கும் தூரத்தில் இல்லை, கார்தான் வழி. பத்துமலைக்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். காலை எட்டுக்கு வந்து மாலை ஐந்துக்குக் கிளம்பும் கப்பல் என்று வையுங்கள். நாலு மணிக்கு எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும் என்பார்கள். நீங்கள் இரண்டரைக்குத் துறைமுக வாசலில் இருக்கத் திட்டமிட்டால், பத்துமலையிலிருந்து ஒரு மணிக்குக் கார் நகர வேண்டும். காலையில் இறங்கி வெளியே வர ஒன்பது, போய்ச் சேர பத்தரை. ஆக இரண்டரை மணி நேரம் கையில். 42.7 மீட்டர் முருகன் சிலையையும் 272 படியையும் குகையையும் பார்க்க அது போதும். இதோடு கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தையும் சேர்த்தால் ஒரு மழை, ஒரு நெரிசல் போதும், கணக்கு உடைந்துவிடும். டிரைவரைப் போக, வரச் சேர்த்தே பேசிக் காத்திருக்க வையுங்கள்.

இலங்கைப் பக்கம் நிக்கற கப்பல்ல கோயிலெல்லாம் பாக்க முடியுமா?

முடியும், நடை சாத்தும் நேரத்தைப் பார்த்துப் போனால். அங்கும் நம் ஊர் மாதிரி உச்சிக்காலம் முடிந்து நடை சாத்திவிடுவார்கள். மதியம் ஒரு மணிக்குப் போய்க் கதவைப் பார்த்துத் திரும்புவதில் பயனில்லை. கரையில் முதல் வேலை கோயில், கடைவீதி அப்புறம்.

திருகோணமலையில் கோணேசுவரம் ஊருக்குள்ளேயே, பிரெட்ரிக் கோட்டைக்குள் சுவாமிமலைப் பாறையின் மேல் இருக்கிறது. சீர்காழிச் சம்பந்தர் பதிகம் பாடிய தலம், ஆட்டோவிலேயே போய்வரலாம். காங்கேசன்துறை என்றால் கீரிமலை நகுலேசுவரமும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் துறைமுகத்துக்கு அருகில். நல்லூர் யாழ்ப்பாண நகரில் இருப்பதால் கார் பிடித்துப் போக வேண்டும். அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக முடியும், வேட்டி கட்டிப் போங்கள். அம்பாந்தோட்டையில் நிற்கும் கப்பலிலிருந்து கதிர்காமம் போய்வருவது, கப்பல் முழுப் பகலும் நின்றால் மட்டும்.

ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பும்னா, அஞ்சே முக்காலுக்கு வந்தா போதாதா?

போதாது. கிளம்பும் நேரம் வேறு, எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் வேறு. பின்னது அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக இருக்கும். முந்தைய இரவு அறைக்கு வரும் தாளிலும், இறங்கும் வழியில் வைத்திருக்கும் பலகையிலும் அந்த நேரம்தான் எழுதியிருக்கும். பலகையை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடச் சிக்கல் கடிகாரம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், புக்கெட்டில் இறங்கியதும் உங்கள் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். போனில் நாலு என்றால் கப்பலில் ஐந்து. கையில் ஒரு சாதாரண வாட்ச் கட்டி, அதைக் கப்பல் நேரத்திலேயே வைத்திருங்கள். கடலில் போனை விமான நிலையில் போட்டுவிடுவதும் நல்லது. கப்பலின் செல்போன் அலைவரிசையில் தெரியாமல் இணைந்தால் கட்டணம் கண்ணைக் கட்டும்.

எறங்கும்போது பாஸ்போர்ட்ட கையிலயே வச்சுக்கணுமா?

கப்பலைப் பொறுத்தது. ஆசியத் தடங்களில் குடியேற்றச் சோதனைக்காகக் கப்பலே பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொள்வது உண்டு. பயப்பட ஒன்றுமில்லை, கடைசியில் திருப்பித் தருவார்கள். பாஸ்போர்ட்டோடு இறங்குங்கள் என்று சொன்னால் அதை எடுத்துப் போங்கள்.

எப்படியிருந்தாலும் ஒரு ஜிப் கவரில் நாலு தாள் இருக்கட்டும்: பாஸ்போர்ட் முதல், கடைசிப் பக்க நகல், விசா அல்லது வருகை அட்டையின் அச்சு, காப்பீட்டு எண், கப்பலின் அன்றைய தாள். அந்தத் தாளில் துறைமுக முகவரின் (அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் வேலைகளைப் பார்ப்பவரின்) பெயரும் போன் எண்ணும் இருக்கும். கப்பல் அட்டையை (இறங்கி ஏறும்போது காட்டக் கப்பலில் கொடுக்கும் அடையாள அட்டையை) அந்தக் கவரில் போடாமல் தனியாக வையுங்கள், இரண்டும் ஒன்றாகத் தொலையக் கூடாது.

சாப்பாடு ஒத்துக்கலன்னா? பொடி, ஊறுகாய், சின்ன கெட்டில் எடுத்துக்கறோம்.

கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி எதுவும் கப்பலில் அனுமதி இல்லை, ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். பழம், சமைத்த சாப்பாடு ஆகியவற்றைக் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகாதீர்கள். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் கசகசா கலந்த எதுவும் வேண்டாம், அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். சிங்கப்பூருக்குள் வாயில் போடும் புகையிலையும் கொண்டுபோகக் கூடாது. கும்பகோணம் வெற்றிலைச் செல்லத்தை அப்படியே பையில் போடும் பெரியவர்களுக்கு இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லுங்கள். மாத்திரைகள் மருத்துவர் சீட்டோடு, அட்டையிலேயே இருக்கட்டும்.

எல்லாம் மீறி கப்பல விட்டுட்டா என்ன ஆவும்?

உடனே துறைமுக முகவருக்கு போன் செய்யுங்கள். அதற்குத்தான் அந்தத் தாள். பாஸ்போர்ட் கப்பலில் இருந்தால், கிளம்பும் முன் எடுத்து முகவரிடம் கொடுத்துவிட்டுப் போக முயல்வார்கள். அடுத்த துறைமுகத்துக்கோ ஊருக்கோ போகும் செலவு உங்களுடையது.

பாஸ்போர்ட்டே தொலைந்துவிட்டால் காவல் நிலையத்தில் புகார் எழுதி, இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். மலேசியாவில் கோலாலம்பூர். இலங்கையில் கொழும்பு தவிர யாழ்ப்பாணத்திலும் அம்பாந்தோட்டையிலும் துணைத் தூதரகம் உண்டு. அவசரச் சான்றிதழ் கொடுத்தால் அது இந்தியா திரும்ப மட்டும், அதை வைத்துக் கப்பலைத் தொடர முடியாது.

பினாங்குல தங்கச்சி வீடு இருக்கு. அங்கயே எறங்கி ரெண்டு நாள் தங்கிட்டு ஃப்ளைட்ல வந்துடலாமா?

சொல்லாமல் இறங்கித் தங்கிவிடக் கூடாது. பயணிகள் பட்டியல் ஒவ்வொரு துறைமுகத்திலும் குடியேற்றத் துறைக்குப் போகிறது. ஏறியவர் இறங்கும் இடம் மாறினால் நிறுவனமும் அந்நாட்டு அதிகாரிகளும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். பல வாரங்களுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். சரி என்றால் அந்தக் கடிதம், பினாங்கிலிருந்து திரும்பும் விமான டிக்கெட், தங்கச்சி வீட்டு முகவரி மூன்றையும் கையில் வைத்திருங்கள், வருகை அட்டையையும் அதற்கேற்ப நிரப்புங்கள். கட்டிய பணத்தில் மீதி திரும்பக் கிடைக்காது.

அனுமதி கிடைக்காவிட்டால், தங்கச்சியைக் காலையில் துறைமுக வாசலுக்கு வரச் சொல்லுங்கள். கப்பலுக்குள் அவரை அழைத்துப் போக முடியாது. ஆனால் சுவெட்டன்ஹாம் துறை ஊருக்குள் இருப்பதால் காலையில் இறங்கி அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, கடிகாரம் பற்றி மேலே சொன்ன கணக்குப்படி நேரத்தோடு திரும்பிவிடலாம்.